ஐந்தடிச் சந்துக்கு வைத்த தேதி

என் தம்பி புருஷோத்தமன் ஒரு பொய்யன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாண்டிச்சேரி கருவடிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் பொய்யன் நான்தான் என்பார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு என்ன நினைக்கிறீர்களோ நினைத்துக்கொள்ளுங்கள். என்னை நம்பு என்று நான் யாரையும் கேட்டதில்லை. நானும் யாரையும் நம்பினதில்லை.

அப்பா விட்டுப்போனது ஒரே மனை. தெருவைப் பார்த்த முன்பாகம் தம்பிக்கு, பின்பாகம் எனக்கு. கிழக்கு ஓரமாக ஐந்தடிச் சந்து. அது வழியாகத்தான் நான் என் வீட்டுக்குப் போக வேண்டும். பின்னால் அடுத்தவன் சுவர், பக்கத்தில் அடுத்தவன் சுவர். வேறு வழி கிடையாது. என் மனைவி பார்வதிக்குச் சர்க்கரை வியாதி. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். ஆட்டோ சந்துக்குள் ரிவர்ஸிலேயே வந்து எங்கள் வாசலில் நிற்கும். ஐந்தடி இருந்தால் ஆட்டோ வரும், நாலடி ஆனால் வராது. விஷயம் அவ்வளவுதான்.

அந்தச் சந்து இரண்டு பேருக்கும் பொது, யாரும் அடைக்கவோ கட்டவோ கூடாது என்று அப்பா செத்த வருஷமே நானும் அவனும் எழுதிக்கொண்டோம். முல்லா வீதியில் ஜெய்னுலாபுதீன் கம்ப்யூட்டர் கடையில் தமிழில் டைப் அடித்து, முத்திரைத்தாளில் எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. ரிஜிஸ்டர் செய்யவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று அவன் சொன்னான். ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெய்னுலாபுதீன் சொன்னார். வேண்டாம் என்று நான் சொன்னேன். இரண்டாவது காப்பி அவன் கையில் இருந்தால் ஐந்தை மூன்றாக்கி விடுவான். ஜெராக்ஸும் கூடாது என்றேன். ஒரே தாள், அது என்னிடம். அரிசி டிரம்முக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். மூன்றாம் வகுப்பு படித்தவன், மில்லில் முப்பத்திரண்டு வருஷம் துணிக்கட்டு தூக்கினவன், அன்றைக்குப் பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

2008 கார்த்திகைப் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். டிரம் மிதந்தது. உறைக்குள் தண்ணீர் போய், கம்ப்யூட்டர் மை கரைந்து, தாள் நீலக் கூழாகிவிட்டது. மழை விட்டதும் அதை ஒரு தட்டில் போட்டு வெயிலில் காய வைத்தேன். தம்பி மாடியில் துணி உலர்த்த வந்தவன் எட்டிப் பார்த்தான். தை மாதம் அவன் மருமகன் அன்பழகன் சந்து வாயில் இரண்டு லோடு செங்கல் இறக்கினான். மூன்று கடை கட்டி வாடகைக்கு விடப் போகிறார்களாம். எனக்கு நடந்து போக மூன்றடி விடுவார்களாம்.

நான் செங்கல்லை எடுத்துத் தெருவில் எறிந்தேன். அன்பழகன் என் சட்டையைப் பிடித்தான். கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தெருக்காரர்கள் சேர்ந்து ராமலிங்கத்திடம் கூட்டிப் போனார்கள். ராமலிங்கம் நொத்தேர் ஆபீசில், அதாவது பிரெஞ்சுக் காலத்துப் பத்திர ஆபீசில், பத்திரம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் சொத்துத் தகராறு என்றால் அவர் சொல்வதற்கு இரண்டு தரப்பும் கட்டுப்படும். தம்பி அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, அப்படி ஒரு பத்திரமே எழுதவில்லை, அண்ணன் கஷ்டப்படுகிறாரே என்று சும்மா விட்டு வைத்தேன் என்றான். ராமலிங்கம் என்னைப் பார்த்தார். எழுதினது என்ன என்று கண்ணால் பார்த்தால் போதும், புருஷோத்தமனைத் திரும்பக் கையெழுத்துப் போட வைப்பது தன் பொறுப்பு என்றார்.

அதனால் முல்லா வீதிக்குப் போனேன். ஜெய்னுலாபுதீன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, கடையை அவர் மகள் நூரீன் நடத்துகிறாள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்ப், ஜெராக்ஸ். விஷயத்தைச் சொன்னேன். அப்பா டைப் அடித்தது ஒன்றைக்கூட அழித்ததில்லை என்றாள். பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோய்விட்டது, ஆனால் அது எரிவதற்கு முன்பே அதற்குள் இருந்த மொத்தத்தையும் அப்படியே எடுத்துப் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு மூலையில் வைத்திருக்கிறாளாம். பழைய தமிழ் எழுத்து புதியதில் ஓடாதாம். ஓட வைத்தால் கிறுக்கல்தான் வருமாம். அதனால் புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டரை ஓட்டுகிறாள்.

எனக்குப் புரியவில்லை, காட்டச் சொன்னேன். திரைக்குள் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. முதலில் கறுப்பு, வெள்ளை எழுத்து, பிறகு மேகம் போட்ட வானம், அதில் விண்டோஸ் 98 என்று இருக்கிறதாக அவள் படித்துச் சொன்னாள். கட்டத்துக்கு வெளியே புதியது, உள்ளே பழையது. அம்பு உள்ளே போனால் அங்கேயே மாட்டிக்கொள்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால்தான் வெளியே வருகிறது. உள்ளே இருப்பது நிஜக் கம்ப்யூட்டரா, படமா என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறதுக்கு, தான்தான் கம்ப்யூட்டர்னு நெனப்புங்க. வெளிய ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது."

தெரியாதவனை என்ன வேண்டுமானாலும் நம்ப வைக்கலாம். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் தேடி அவள் பத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். என் பெயர் பக்கிரி, அவன் பெயர், அப்பா பெயர், கிழக்கே ஐந்தடி. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் கடைக்கே கூட்டி வருவது என்று முடிவானது. ராமலிங்கம் பிரிண்ட் எடுத்த தாளைப் பார்க்க மாட்டார். தாளை இன்றைக்குக்கூட அடிக்கலாம், கம்ப்யூட்டரில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தம்பி நடுவில் போய் அந்தப் பெண்ணை மடக்கியிருந்தால்? திறக்கச் சொன்னேன். திறந்தாள். எண் எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். மேலே தேதி 14-3-2009 என்று இருந்தது. அன்றைய தேதி.

நான் கத்தினேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். அவள் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். தேதி போடும் இடத்தில் தேதியை அடிக்க மாட்டார். அன்றைக்கு என்ன தேதியோ அதைக் கம்ப்யூட்டரே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு நாற்பது மனு அடிக்கிறவர், ஒவ்வொன்றுக்கும் தேதியா அடிப்பார்? அதனால் எப்போது திறந்தாலும் திறந்த நாளின் தேதி வரும். பிரிண்ட் எடுத்த அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். அது ஒன்றும் கெடுதல் இல்லை, பத்திரத்தை அப்பா சேமித்த நாளைக் கம்ப்யூட்டர் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது என்று வேறொரு இடத்தில் காட்டினாள். 2-9-1999.

செப்டம்பர் தப்பு என்றேன். என் அப்பா செத்தது வைகாசியில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலாவது நாள் இந்தப் பத்திரம். வியாழக்கிழமை, எனக்கு மில்லில் லீவு நாள். பழைய காலண்டர் எதுவும் வேண்டாம், ஆனி மாதம் என்று எனக்கே தெரியும். அவளைக் கணக்குப் போட வைத்தேன். 24-6-1999 என்று வந்தது, அதுவும் வியாழக்கிழமை. பார்த்தாயா என்றேன். மேலே இன்றைய தேதி, உள்ளே செப்டம்பர், இரண்டும் பொய். நாளைக்கு அன்பழகன் இதைப் பார்த்தால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான். ஆனி மாதத்தைப் போடு என்றேன்.

"வேணாங்க. இத தொட்டா, இதுல இருக்கற ஒரே நெஜமும் போயிடும்."

எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. என் அப்பா செத்த கணக்கு உன் பெட்டிக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா என்று கேட்டேன். உன் அப்பன் தேதியைக்கூட அடிக்கத் தெரியாத சோம்பேறி, அந்த ஆள் செய்த வேலையால் என் பெண்டாட்டி தெருவில் கிடக்கப் போகிறாள் என்று சொன்னேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்துப்போனது. அம்பைக் கட்டத்துக்குள் கொண்டு போனாள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திருப்பி, எப்போது திறந்தாலும் 1999 ஜூன் 24 என்றே காட்டும்படி வைத்தாள். பத்திரத்தைத் திறந்தாள், மேலே 24-6-1999 என்று வந்தது. சேமித்தாள். சேமித்த நாளும் 24-6-1999 என்று ஆகிவிட்டது. வெளியே இருந்த கம்ப்யூட்டரின் ஓரத்தில் 14-3-2009 என்றே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது ஒரு கேள்வி கேட்கவில்லை.

தொடாத பத்திரம் ஒரு காப்பி தனியாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். அழித்துவிடு, இரண்டு இருந்தால் குழப்பம் என்றேன். அழிக்க மாட்டேன் என்றாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"யாராச்சும் கேட்டா, நான் செஞ்சத செஞ்சேன்னுதான் சொல்லுவேன். அத ஞாபகம் வெச்சிக்கங்க."

யார் கேட்கப் போகிறார்கள் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ராமலிங்கம் நாற்காலியில், தம்பியும் அன்பழகனும் பெஞ்சில், நான் நின்றுகொண்டு. தம்பி சட்டைப் பையில் ஏதோ மடித்து வைத்திருந்தான். நூரீன் கட்டத்தைத் திறந்தாள், வானம் வந்தது, பத்திரம் வந்தது. ராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். ஐந்தடி என்ற இடத்தில் அவர் தலை ஆடியது. தம்பி முகத்தில் ரத்தம் இல்லை. அந்த ஐந்து நிமிஷம் நான் ஜெயித்திருந்தேன். அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

எழுதின தேதி என்ன என்று ராமலிங்கம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். அப்பா காரியம் முடிந்து நாலாம் நாள், ஜூன் இருபத்திநாலு, கம்ப்யூட்டரே சொல்கிறது பாருங்கள் என்றேன். என் தொண்டையில் கொஞ்சம் கர்வம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே பையிலிருந்து தாளை எடுத்து ராமலிங்கத்திடம் நீட்டினான்.

"நான் அப்போ ஏனாம்ல இருந்தேங்க. பொதுப்பணித்துறையில மூணு வருஷம் அங்கதான் போட்டு வெச்சிருந்தாங்க. காரியத்துக்கு வந்துட்டு இருபத்திரண்டாம் தேதியே திரும்பிட்டேன். அங்கிருந்து விடுவிச்ச ஆர்டர் இது. ஆகஸ்ட் பதிமூணு."

ஏனாம். நம் பாண்டிச்சேரி சர்க்காரில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தத் தலைவிதி உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் ஊரும் நம்முடையதுதான் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு நாள், ஒரு ராத்திரி ரயில் பயணம். அவன் அங்கே இருந்தது எனக்கு மறந்தேபோயிருந்தது. அதற்கப்புறம் பத்து வருஷம் அவனோடு பேசாமல் இருந்ததில் அவன் இருந்த இடமெல்லாம் எனக்கு அழிந்துபோயிருந்தது. காரியத்துக்கு மொட்டை அடித்து உட்கார்ந்திருந்தவன் முகமும், ஜெய்னுலாபுதீன் கடையில் உட்கார்ந்திருந்தவன் முகமும் ஒரே வாரத்தில் பார்த்ததாக என் மண்டை ஒட்டி வைத்திருக்கிறது.

ராமலிங்கம் ஆர்டரை இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு நூரீனைக் கேட்டார், இந்தத் தேதி தானாக வந்ததா, யாராவது வைத்ததா என்று.

"நான் வெச்சதுங்க. நேத்து. இவரு வெக்கச் சொன்னாரு."

அவள் குரலை உயர்த்தவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். தொடாத காப்பி இருக்கிறது, அதைத் திறக்கட்டுமா என்றாள். உள்ளே இருந்த கடிகாரத்தை இன்றைய தேதிக்குத் திருப்பிவிட்டுத் திறந்தாள். மேலே 15-3-2009. சேமித்த நாள் 2-9-1999. தம்பி ஏனாமிலிருந்து வந்து இருபது நாள் கழித்து. எல்லாம் பொருந்துகிறது. இதுதான் நிஜம், செப்டம்பர்தான் நிஜம், ஆவணி மாதம், எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று நான் சொன்னேன்.

அன்பழகன் சிரித்தான். "நேத்து ஆனி. இன்னிக்கு ஆவணி. நாளைக்கு வந்தா தீபாவளியா பெரிய மாமா?"

ராமலிங்கம் அவனை அடக்கினார். நூரீனிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னார். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரில், பிரெஞ்சுக்காரன் போன வருஷம், 1954 என்று வைக்க முடியுமா? அவ்வளவு தூரம் போகாது, 1980 வரைக்கும் போகும் என்றாள். வைத்துக் காட்டச் சொன்னார். வைத்தாள். பத்திரத்தின் மேல் 15-3-1980 என்று வந்தது. என் தம்பிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ராமலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"பக்கிரி, நீ எழுதியிருக்கலாம். எழுதலன்னு நான் சொல்லல. ஆனா இது, சொல்ற தேதிய எல்லாம் போடுது. நீயும் போடச் சொல்லியிருக்க. இத வெச்சி நான் அவன் கையெழுத்த கேக்க முடியாது."

தொடாத காப்பியில் தான் கை வைக்கவில்லை என்று நூரீன் சொன்னாள். இருக்கலாம் என்றார். அவள் தந்தையைத் தனக்குத் தெரியும் என்றார். ஆனால் வாய் வார்த்தை வேறு, பத்திரம் வேறு என்று எழுந்துவிட்டார். நான் அந்த மேஜையைப் பிடித்து உலுக்கினேன். நூரீன் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே போகச் சொன்னாள். என்னைத்தான்.

மூன்றாம் நாள் கொத்தனார் நூல் பிடித்தான். மூன்றடி விட்டு அஸ்திவாரம். நான் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டு வந்தான். கொத்தனார் எட்டத்தில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தான், வேறு யாரும் இல்லை. இவன் என் பக்கத்தில் வந்து பள்ளத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"ஆவணிதாண்ணே. ஏனாம்லேர்ந்து வந்து முதல் சம்பளம் வாங்கின வாரம். அன்னிக்கு அந்த பாய் நமக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. ஒரு காப்பி குடுன்னு ஒன்ன நான் எவ்ளோ கேட்டேன். நீ குடுக்கல."

"அப்ப எழுதினது ஒத்துக்கறியா?"

"யார்கிட்ட?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

நான் நேரே ராமலிங்கம் வீட்டுக்குப் போனேன். ஒத்துக்கொண்டான், அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்றேன். யார் கேட்டது என்றார். கொத்தனார் தூரத்தில் இருந்தான் என்றேன். ராமலிங்கம் பேப்பரைப் புரட்ட ஆரம்பித்தார். திரும்பும் வழியில் நூரீன் கடையையும் எட்டிப் பார்த்தேன், அவளாவது நம்புவாள் என்று. நம்புகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையே நம்பினேன் என்றாள். அதோடு திரும்பி ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் வைக்கப் போய்விட்டாள்.

சுவர் ஒன்பது நாளில் எழும்பியது. கட்டு மாற்றும் நாள் ஆட்டோ தெருவிலேயே நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் பார்வதியை உட்கார வைத்து முன்னால் டிரைவர், பின்னால் நான். மூன்றடியில் பக்கத்துக்கு ஒரு ஆள் பிடிக்க முடியாது. பாதி வழியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலி சாய்ந்து வெட்டின கால் புதுச் சுவரில் இடித்தது. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். சிமெண்டு ஈரம் கட்டுத்துணியில் ஒட்டியிருந்தது. நான் தம்பியைத் திட்டினேன், அவன் வம்சத்தைத் திட்டினேன், அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டினேன். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு பார்வதி சொன்னாள்.

"அந்தப் பொண்ணு தொடாதன்னு சொல்லிச்சாமே. கடையில இருந்த பொம்பள என்கிட்ட சொன்னா. நீ ஏன்யா தொட்ட?"

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தவளக்குப்பத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வாசல் வரைக்கும் ஆட்டோ போகும். துணிமணியை நான் மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

என்னையும் அங்கே வந்துவிடச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். தனியாக ஒரு அறை இருக்கிறதாம், மின்விசிறி இருக்கிறதாம். எப்படிப் போவது? ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனால் போதும், திரும்பி வரும்போது மூன்றடியும் இருக்காது, வீடும் இருக்காது. பூட்டை மாற்றிவிட்டுத்தான் வாயேன் என்று மூன்றாவது தடவை சொல்லி அனுப்பினாள். பூட்டு வாங்கினேன். கடைக்காரன் இரண்டு சாவி கொடுத்தான். மூன்றாவது ஒன்று அவனிடம் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். அவன் சிரித்தான். பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.